யானைக் காலில் முல்லைக்கொடி

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலின் தலபுராணத்தில் ஒரு யானை வருகிறது. குறும்பர்களோடு போரிட வந்த தொண்டைமான் மன்னனின் யானை. போகிற வழியில் அதன் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. ஓரடி நகர முடியவில்லை. மன்னன் வாளால் கொடியை வெட்டுகிறான். வெட்டு அடியில் மறைந்திருந்த லிங்கத்தின் மேல் பட்டு, இரத்தம் கசிகிறது. கதை அங்கிருந்து பக்தியின் பக்கம் திரும்பிவிடும். போரில் வென்று கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் எருக்கந்தூண்கள் இரண்டை இன்றும் கோயிலில் பார்க்கலாம்.

இந்த அத்தியாயத்துக்கு எனக்கு வேண்டியது அந்தக் கொடி. யானையிடம் வலுவுக்குக் குறைவில்லை. கால் எங்கே மாட்டியிருக்கிறது என்று யாராவது குனிந்து பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு கூடைப்பந்து அணி தொடர்ந்து தோற்கும்போதும் பெரும்பாலும் இதே நிலைதான். உயரம் போதவில்லை, உடம்பு போதவில்லை என்று எல்லோரும் யானையைப் பற்றியே பேசுவார்கள்.

அம்பத்தூருக்கும் அண்ணனூருக்கும் நடுவே புறநகர் ரயில் நின்று போகும் இந்த ஊரில் ஓர் அணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் முல்லை அணி. வரப்போகும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் அமைத்தவை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம். முல்லை அணி 62–68 என்று தோற்றுவிட்டது. பையன்கள் வியர்வை காயாமல் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“ரீபவுண்டை விட்டுட்டீங்கடா, அதான் போச்சு” என்கிறார் பி.டி. சார்.

“இல்ல சார், ரெண்டு த்ரீ பாயின்டர் விழுந்திருந்தா கதையே வேற” என்கிறான் ஒருவன்.

“டிஃபன்ஸ்தான் சார் ஓட்டை” என்கிறான் இன்னொருவன்.

மூன்று பேரும் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்கள்தான். ஆனால் மனம் கடைசி ஐந்து நிமிடத்தைப் பெரிதாக்கிக் காட்டும். வலித்த காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டும். யார் சொல்வது சரி என்று மேசையில் கிடக்கும் ஸ்கோர் ஷீட்டைக் கேட்டால் அதுவும் உதவாது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் விழுந்த கூடைகளுக்கும் ஃபவுல்களுக்கும் டைம் அவுட்டுகளுக்கும் இடம் உண்டு. தவறிய எறிகளுக்கு இடமில்லை. ரீபவுண்டுக்கு இல்லை, கைநழுவிய பந்துக்கும் இல்லை. யார் வென்றார் என்று தீர்ப்பு எழுதவே அந்தத் தாள் உருவானது. ஏன் வென்றார் என்று அறிய வேறொரு தாள் வேண்டும்.

முதலில், 62 என்பது நல்ல எண்ணா, மோசமான எண்ணா?

2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் ஃபிபா ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. அங்கே இந்திய ஆண்கள் அணி சீனாவை அதன் சொந்த மண்ணில் 65–58 என்று வென்றது. நம் கூடைப்பந்து வரலாற்றின் பெருமைமிக்க வெற்றிகளுள் ஒன்று. அன்று 65 புள்ளி வெல்லப் போதுமானதாக இருந்தது. இன்னொரு நாள் அதே 65 படுதோல்வியாகவும் முடியலாம். அமெரிக்காவின் என்பிஏவில் 1961–62 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 118.8 புள்ளி எடுத்தது. 2003–04இல் அது 93.4 ஆகக் குறைந்துவிட்டது. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் குறி தவறாதவர்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். உண்மை நேர்மாறானது. 1961–62இல் களத்திலிருந்து எறிந்த பந்துகளில் 42.6 சதவீதம்தான் விழுந்தன, 2003–04இல் 43.9 சதவீதம். பழைய ஆட்டக்காரர்கள் அதிகம் ஓடினார்கள், அதிகம் எறிந்தார்கள். அதனால் புள்ளி கூடியது.

வண்டி வாங்கும்போது நாம் கேட்கும் முதல் கேள்வியை நினைத்துப் பாருங்கள். வண்டி இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டுத் திறமையை அளப்பதில்லை. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்றுதான் கேட்கிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறவரும் அப்படித்தான். மாதம் எத்தனை பீஸ் கழிந்தது என்பதோடு நிறுத்தமாட்டார், நூற்றுக்கு எத்தனை கழிந்தது என்று கேட்பார். வகுக்கும் எண் தெரியாமல் வகுபடும் எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை.

கூடைப்பந்தில் அந்த வகுக்கும் எண்ணை ஆட்டக்காரர்கள் பொசஷன் என்பார்கள். நான் வாய்ப்பு என்று சொல்கிறேன். பந்து நம் கைக்கு வந்தது முதல் எதிரணியின் கைக்குப் போகும் வரை ஒரு வாய்ப்பு. எறிந்து தவறி, நாமே ரீபவுண்ட் எடுத்து மறுபடி எறிந்தால் அதே வாய்ப்பு தொடர்கிறது. ஒருவர் முடித்ததும் மற்றவர் என்று பந்து மாறி மாறிப் போவதால், ஆட்ட முடிவில் இரண்டு அணிகளின் வாய்ப்புகளும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். இந்த ஆட்டத்தின் அழகான கணித உண்மை இது. எதிரணியைவிட அதிக வாய்ப்புகளைப் பெற்று வெல்ல வழி கிடையாது. கிடைத்த வாய்ப்பை யார் நன்றாகச் செலவழிக்கிறார் என்பதில்தான் போட்டி.

வாய்ப்புகளை எண்ண ஒரு சூத்திரம் உண்டு. களத்தில் எறிந்த முயற்சிகளோடு இழந்த பந்துகளைக் கூட்டு. நம் எறி தவறி நாமே எடுத்த ரீபவுண்டுகளைக் கழி. ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44ஆல் பெருக்கிச் சேர். ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும், அப்படியிருக்க 0.5ஆல் அல்லவா பெருக்க வேண்டும்? கூடையும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ வரும். அந்த வாய்ப்பைக் களத்து எறியிலேயே எண்ணிவிட்டோம். டெக்னிக்கல் ஃபவுலுக்குக் கிடைக்கும் எறி எந்த வாய்ப்பையும் முடிப்பதில்லை. இவற்றையெல்லாம் கழித்து, என்பிஏ ஆட்டங்களைப் பார்த்துக் கண்டெடுத்த எண் 0.44.

முல்லை அணி களத்தில் 64 முறை எறிந்து 24 கூடை போட்டது. அதில் த்ரீ பாயின்டர் 20 முயற்சிக்கு 4. ஃப்ரீ த்ரோ 18க்கு 10. எதிரணியின் வளையத்தடியில் எடுத்த ரீபவுண்ட் 14, இழந்த பந்து 20. கணக்குப் போட்டால் 78 வாய்ப்புகள். எதிரணி 56 முறை எறிந்து 25 கூடை; த்ரீ பாயின்டர் 19க்கு 6; ஃப்ரீ த்ரோ 16க்கு 12; முல்லையின் வளையத்தடியில் எடுத்த ரீபவுண்ட் 7; இழந்த பந்து 22. அவர்களுக்கும் 78தான். நூறு வாய்ப்புக்கு முல்லை 79.5 புள்ளி, எதிரணி 87.2 புள்ளி.

இடைவெளி தெரிந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டியவர் டீன் ஆலிவர். சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2004இல் வெளிவந்த தன் நூலில் ஓர் அணியின் வெற்றி தோல்வியை நான்கு கேள்விகளுக்குள் அடக்கினார். எறிந்தது எவ்வளவு நன்றாக விழுந்தது? எறியாமலே எத்தனை பந்து போனது? தவறிய பந்துகளில் எத்தனையைத் திரும்பப் பிடித்தோம்? எத்தனை புள்ளியை ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து எடுத்தோம்? இவற்றுக்கு அவர் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15 சதவீதம். என்பிஏவைப் பார்த்துச் சொன்ன எடைகள் இவை. நம் மாவட்ட லீக்குக்கு அப்படியே பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. கேள்விகள் எங்கும் பொருந்தும்.

பி.டி. சாரின் குற்றச்சாட்டை முதலில் எடுப்போம். ஃப்ரீ த்ரோவையும் சேர்த்து, முல்லை தவறவிட்ட எறிகளில் 42 ரீபவுண்டாகின. அதில் 14ஐ, அதாவது 33 சதவீதத்தை, முல்லைப் பையன்களே திரும்பப் பிடித்தார்கள். எதிரணி தவறவிட்டதில் 34 ரீபவுண்டாகின. எதிரணிக்குத் திரும்பக் கிடைத்தது 7, அதாவது 21 சதவீதம். ரீபவுண்ட்தான் இந்த அணியின் பலம்! சார் மனதில் தங்கியிருந்தது, கடைசி நிமிடத்தில் ஒருவன் கையைவிட்டுப் போன ஒரே ஒரு ரீபவுண்ட்.

அடுத்து எறி. மூன்று புள்ளிக் கூடையையும் இரண்டு புள்ளிக் கூடையையும் ஒன்றாக எண்ணினால் நியாயமில்லை என்பதால், த்ரீ பாயின்டரை ஒன்றரைக் கூடையாக எண்ணுவது வழக்கம். அப்படி எண்ணினால் முல்லை 64க்கு 26, அதாவது 40.6 சதவீதம். எதிரணி 56க்கு 28, சரியாக 50 சதவீதம். ஆட்டம் இங்கேதான் போயிருக்கிறது. குறிப்பாக 20க்கு 4 என்ற அந்த த்ரீ பாயின்டர் கண்ணை உறுத்துகிறது. ஒரு எறிக்கு 0.6 புள்ளிதான் கிடைத்திருக்கிறது. இரண்டு புள்ளி எறிகளில் 0.91 வந்திருக்கிறது. “இனிமே யாரும் கோட்டுக்கு வெளிய இருந்து எறியக் கூடாது” என்று சார் உத்தரவு போட்டால் நியாயம் போலத்தான் தோன்றும்.

நான் அந்த இடத்தில் இருந்தால் சாரின் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். புள்ளியியலின் பெரிய சேவை கணக்குப் போடுவதில் பாதிதான். அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது மீதிப் பாதி. முல்லைப் பையன்கள் உண்மையில் 30 சதவீதம் போடக்கூடியவர்கள் என்று கொள்வோம். 20 எறிக்கு 6 விழ வேண்டும். ஆனால் நாணயம் சுண்டுவது போல இதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. 30 சதவீத ஆட்டக்காரர்களுக்கே, 20இல் 4 அல்லது அதற்கும் குறைவாக விழுவது ஏறத்தாழ நான்கு ஆட்டங்களில் ஒன்றில் நடக்கும். திறமை குறையவே வேண்டாம். இன்னும் இரண்டு விழுந்து 6 ஆகியிருந்தால்? ஆறு புள்ளி கூடி 68–68. அந்தப் பையன் சொன்னதில் பொய்யில்லை.

2018 மே 28 அன்று ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். த்ரீ பாயின்டரையே தன் தத்துவமாகக் கொண்ட, எண்களை நம்பிக் கட்டப்பட்ட அணி அது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். வென்றால் என்பிஏ இறுதிச் சுற்று. இடைவேளையில் ஹூஸ்டன் 54–43 என்று முன்னிலையில் இருந்தது. அந்த ஆட்டத்தில் தொடர்ந்து 27 த்ரீ பாயின்டர்கள் தவறின. மொத்தம் 44க்கு 7. ஆட்டம் 101–92 என்று கைவிட்டுப் போனது. 36 சதவீதம் போடும் அணி, எடுத்துக்கொண்ட 27 எறிகளையும் வரிசையாகத் தவறவிட ஏறத்தாழ 1,70,000இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. அது வெறும் துரதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். கிறிஸ் பால் காயத்தால் ஆடவில்லை, கால்கள் களைத்திருந்தன, எதிரே நல்ல தடுப்பு. ஒவ்வொரு எறியும் மற்றதோடு தொடர்பில்லாத நாணயம் அல்ல. ஆனாலும் ஒரே ஆட்டத்தின் த்ரீ பாயின்டர் சதவீதத்தை வைத்து ஓர் அணியின் தரத்தை எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இந்த மங்கலை எண்ணாலேயே அளக்கலாம். 30 சதவீதம் போடும் அணி 20 எறி எறிந்தால், கிடைக்கும் விகிதம் 10 சதவீதப் புள்ளி அங்கே இங்கே ஊசலாடுவது இயல்பு. பத்து ஆட்டம் சேர்த்து 200 எறி ஆனால் ஊசலாட்டம் 3 சதவீதப் புள்ளியாகச் சுருங்கும். எறிகள் பத்து மடங்கு பெருகினால் தெளிவு மூன்று மடங்குதான் கூடும். தெளிவு இரு மடங்காக வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஆட்டம் பார்த்தாக வேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை.

அப்படியானால் ஒரே ஆட்டத்திலிருந்து எதையும் கற்க முடியாதா? முடியும். இப்போது குனிந்து காலைப் பார்ப்போம்.

முல்லை 78 வாய்ப்பில் 20ஐ எறியாமலே இழந்தது. தப்பான பாஸ், கோட்டை மிதித்தல், டிரிபிளில் பறிகொடுத்தல், 24 விநாடி தீர்ந்துபோதல். நூற்றுக்கு 26. என்பிஏ அணிகள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 இழக்கின்றன. இந்த எண்ணை அதிகம் நம்பலாம், ஏனென்றால் 20 எறிக்குப் பதில் இங்கே 78 வாய்ப்பும் சோதனையாகின்றன, ஊசலாட்டம் பாதியாகிவிடுகிறது. எதிரணி 22 இழந்ததே, நாம் பரவாயில்லையே என்று தோன்றும். அந்த ஒப்பீடுதான் நோயை மறைக்கிறது. பந்தை இழக்காத 58 வாய்ப்புகளில் முல்லை 62 புள்ளி எடுத்திருக்கிறது, வாய்ப்புக்கு 1.07. இருபதைப் பதினான்காகக் குறைத்திருந்தால் ஆறு வாய்ப்பு மிஞ்சும், ஏறத்தாழ 6.4 புள்ளி. தோற்ற வித்தியாசம் ஆறு.

அந்த இரண்டு த்ரீ பாயின்டர்களும் இந்த ஆறு பந்துகளும் புள்ளிக் கணக்கில் ஒன்றுதான். பயிற்சிக் கணக்கில் ஒன்றல்ல. எறியும் திறமையை 30 சதவீதத்திலிருந்து 35க்கு ஏற்ற மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். தவறான பாஸைக் குறைக்க உயரம் வேண்டாம், உடற்கட்டு வேண்டாம். யாருக்கு எப்போது கொடுப்பது என்ற ஒழுங்கு போதும். முல்லைக்கொடி இதுதான். போரிடும் வலு இருந்தும் யானை நின்ற இடம்.

இதுவரை அணியை ஒரே உடலாகப் பார்த்தோம். அதற்குள் யார் பலம், யார் பலவீனம்? கேள்வி இங்கே கடினமாகிறது. ஒருவன் களத்தில் இருந்தபோது அணி எத்தனை புள்ளி முந்தியது அல்லது பிந்தியது என்று எழுதுவது ஒரு வழி, பிளஸ்-மைனஸ் என்பார்கள். ஷேன் பாட்டியர் என்ற ஆட்டக்காரர் அதிகப் புள்ளி எடுத்தவரல்ல, அதிக ரீபவுண்ட் பிடித்தவருமல்ல. ஆனால் அவர் இறங்கினால் அணி மேம்பட்டது. எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2009இல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே இதைப் பேசியது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மளிகைக்கடை பில்லில் மொத்தத் தொகை மட்டும் தெரியும் என்று கொள்ளுங்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ தக்காளியும் ஒரு கிலோ வெங்காயமும் சேர்த்தே வாங்கினால், நூறு பில் வைத்திருந்தாலும் தக்காளியின் விலை தனியாகத் தெரியாது. ஒரு நாள் தக்காளி மட்டும் வாங்க வேண்டும். எப்போதும் சேர்ந்தே களமிறங்கும் இரண்டு அண்ணன் தம்பிகளுக்கும் இதே கதைதான். யாரால் அணி முந்தியது என்று எந்தக் கணினியும் பிரித்துச் சொல்லாது. பெரிய லீக்குகளில், போதிய ஆதாரம் இல்லாத மதிப்பீடுகளைச் சராசரியை நோக்கி இழுத்துக் கட்டும் முறைகளால் இதைச் சமாளிக்கிறார்கள். பத்து ஆட்டம் ஆடும் ஊர் அணிக்கு என் தீர்ப்பு: பிளஸ்-மைனஸை எழுதி வையுங்கள், ஆனால் அதை வைத்து எந்தப் பையனையும் உட்கார வைக்காதீர்கள்.

ஒரு தமிழ்ப் பெயரோடு தொடர்புள்ள வழி இன்னொன்று இருக்கிறது. முத்து அழகப்பன் அப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர். 2012இல் எம்ஐடி ஸ்லோன் விளையாட்டுப் பகுப்பாய்வு மாநாட்டில் ஓர் ஆய்வை முன்வைத்தார். பாயின்ட் கார்டு, ஷூட்டிங் கார்டு, ஸ்மால் ஃபார்வர்டு, பவர் ஃபார்வர்டு, சென்டர் என்று ஐந்து இடங்களாகவே ஆட்டக்காரர்களைப் பிரிப்பது வழக்கம். அவர் 2010–11 பருவத்து என்பிஏ ஆட்டக்காரர்களின் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், டர்ன்ஓவர், ஃபவுல் ஆகியவற்றை எடுத்து, யார் யாருக்கு அருகில் இருக்கிறார் என்று ஒரு வடிவவியல் வலையாக வரைந்தார். வலையில் திரண்ட கொத்துகளை எண்ணினால் ஐந்து இல்லை, பதின்மூன்று. அந்தப் பருவத்தில் 57 ஆட்டம் வென்று கோப்பையைத் தூக்கிய டல்லாஸ் மாவரிக்ஸையும், 17 மட்டுமே வென்ற மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸையும் அவர் அதே வலையில் வைத்து ஒப்பிட்டார். ஓர் அணியில் எந்த வகை ஆட்டக்காரர் திரண்டிருக்கிறார், எந்த வகை அறவே இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்தது.

இரண்டு பேர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதை எண்ணாக்கும் கேள்வி நமக்குப் பழையது. பல அளவுகளை ஒருசேரக் கொண்டு தொலைவு காண்பதற்கு 1936இல் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் கொடுத்த முறை, இன்று உலகெங்கும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ரீபவுண்ட் எடுப்பவர் பெரும்பாலும் பிளாக்கும் செய்வார். இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் உயரத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும் என்பதை அந்த முறை கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு வேர் ஆழம். 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. ஐசிஎஃப், தென்னக ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று நிறுவன அணிகள் பல தலைமுறை ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டன. சென்னையின் அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இவ்வளவு இருந்தும், பள்ளி ஆட்டங்களிலும் மாவட்ட லீக்கிலும் தவறிய எறிகளின் கணக்கு எழுதப்படுவதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். என்பிஏ மைதானங்கள் அனைத்திலும் 2013–14 முதல் ஆட்டக்காரர்களின் அசைவைப் பதிவுசெய்யும் கேமராக்கள் இருக்கின்றன. நமக்கு அவை வேண்டாம். முல்லை அணிக்குப் போட்ட கணக்குகள் அனைத்தையும் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் தந்துவிடும்.

அதை எழுத ஆளும் தயாராக இருக்கிறார். ஒவ்வோர் அணியிலும் களமிறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனோ பெண்ணோ ஒருவராவது உண்டு. பி.டி. ஆசிரியர்களே, அவர் கையில் அந்த நோட்டைக் கொடுங்கள். எறிந்தது, விழுந்தது (இரண்டிலும் த்ரீ பாயின்டரைத் தனியாகக் குறித்து), எறியாமல் போனது, திரும்பப் பிடித்தது, ஃப்ரீ த்ரோ என்று ஐந்து பத்தி போதும். நம் அணிக்கு ஒரு பக்கம், எதிரணிக்கு எதிர்ப்பக்கம். பத்து ஆட்டம் முடியும் வரை எந்தப் பக்கத்தையும் கிழித்துப் போடாதீர்கள்.